அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை எப்போது படிப்பது?

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சொற்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான், தெரியாததற்கு அகராதி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் வாக்கியம் பாதியில் கைநழுவிப் போய்விடும். வரியின் நடுவில் ஓர் அடைப்புக்குறி வரும், அதற்குள் நான்கு பெயர், மூன்று ஆண்டு, ஓர் 'எட் ஆல்', அதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து வெளியே வந்தால் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே மறந்துபோயிருக்கும். சரி, திரும்ப முதலிலிருந்து. முதுகலை முதலாண்டில் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனபோது, என் ஆங்கிலம் போதாது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, அந்த அடைப்புக்குறிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆய்வாளர்கள் 'சைட்டேஷன்' என்பது, "இது என் சொந்தச் சரக்கு இல்லை, இன்னாருடையது, வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள்" என்று வாசகருக்குக் காட்டும் அடையாளம். தமிழில் சான்றுக் குறிப்பு எனலாம், இனி வெறுமனே குறிப்பு என்கிறேன். பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருவது ஒரு வகை. 1881இல் ஹார்வர்டைச் சேர்ந்த விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லாத நத்தையின் முட்டைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இப்படிச் செய்தார், அதனால்தான் இதை இன்றும் ஹார்வர்ட் முறை என்கிறார்கள். வரிக்கு மேலே சின்னதாகவோ சதுர அடைப்புக்குள்ளோ எண் போடுவது இன்னொரு வகை, பக்கத்தின் அடியில் எழுதும் அடிக்குறிப்பு மற்றொன்று. இவற்றில் எதைப் பயன்படுத்துவது என்பதைப் பெரும்பாலும் இதழோ பல்கலைக்கழகமோ சொல்லிவிடும். ஆனால் வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது, வாசகர் தடுக்கி விழுவதும் அந்த இடத்தில்தான்.

முதலில், ஏன் தடுக்குகிறது? ஆங்கிலம் சரளமாகப் படிப்பவரின் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது. தாவல்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கித் திரும்பிப் பார்ப்பவை. நன்றாகப் படிப்பவருக்கே இந்தக் கணக்கு, இரண்டாம் மொழியில் படிப்பவரின் கண் ஒவ்வொரு இடத்திலும் இன்னும் நீண்ட நேரம் நிற்கிறது, இன்னும் அதிகமாகத் திரும்புகிறது. அப்புறம் நினைவு. ஒரே நேரத்தில் மனம் தாங்கிப் பிடிக்கக்கூடியவை ஏறக்குறைய நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் கணித்தார். வாக்கியத்தின் எழுவாய், அதை ஒட்டிய அடைமொழி, இன்னும் வராத வினைச்சொல்லுக்கான காத்திருப்பு என்று மூன்று கை ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது, முன்பின் கேட்டிராத இரண்டு ஐரோப்பியப் பெயர்களை நீட்டினால் ஏதாவது ஒன்று கீழே விழத்தான் செய்யும். பழகிய வாசகர் அந்த அடைப்புக்குறியின் வடிவத்தைப் பார்த்ததுமே அது என்ன என்று தெரிந்து தாண்டிவிடுகிறார். புதிதாக வருபவருக்கு எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு படிக்கிறார். அந்த அக்கறையில் தவறு ஒன்றும் இல்லை, அதை எங்கே செலவழிப்பது என்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் அடிப்படைப் பிரிவினை உதவும். 1990இல் ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் சொன்னது: சில குறிப்புகளில் பெயர் வாக்கியத்தின் உறுப்பாக இருக்கிறது, சிலவற்றில் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. எடுத்துக்காட்டுக்கு வயிற்றுப்புண்ணை எடுத்துக்கொள்வோம். மனக்கவலையாலும் அமிலத்தாலும்தான் அது வருகிறது என்று நம்பிவந்த காலத்தில், பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பையில் கண்ட ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள், 2005இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார்கள். அவர்களுடைய கட்டுரையை இரண்டு விதமாகக் குறிப்பிடலாம்.

"மார்ஷலும் வாரனும் (1984) வயிற்றுப்புண் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள்."

"வயிற்றுப்புண் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு பாக்டீரியா காணப்படுகிறது (மார்ஷல், வாரன், 1984)."

முதலாவதில் பெயரை எடுத்துவிட்டால் யார் கண்டது என்ற கேள்வி தொங்கும், வாக்கியம் நொண்டும். இரண்டாவதில் அடைப்புக்குறியை அப்படியே பிடுங்கிப் போட்டாலும் வாக்கியத்துக்கு ஒரு கீறலும் விழாது. இதுதான் சோதனை, இதைவிடப் பெரிய இலக்கணம் ஒன்றும் வேண்டாம். பெயர் வாக்கியத்துக்குள் இருந்தால், எழுதுகிறவர் உங்களை அந்த ஆளைப் பார்க்கச் சொல்கிறார்: இவர் சொன்னார், நான் இதை ஏற்கலாம், மறுக்கலாம், அடுத்த வரியில் சண்டைக்கும் போகலாம். வெளியே இருந்தால் செய்தியைப் பார்க்கச் சொல்கிறார், ஆதாரம் வேண்டுபவர்களுக்கு ஓரத்தில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார். மெய்யியல் கட்டுரைகளில் பெயர்கள் உள்ளேயே நடமாடும், இயற்பியல், பொறியியல், உயிரியல் கட்டுரைகளில் பெரும்பாலும் வெளியே தள்ளப்பட்டிருக்கும். ஆகவே பொறியியல் கட்டுரையில் பழகிய 'தாண்டிப் போகிற' வழக்கத்தை மெய்யியலுக்கோ சமூகவியலுக்கோ அப்படியே எடுத்துக்கொண்டு போனால் கதாபாத்திரங்கள் இல்லாமல் நாடகம் பார்த்தது போலாகும்.

ஆனால் தாண்டுவது, தாண்டாதது என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று: ஒரு குறிப்பு எதிலிருந்து எதுவரைக்கும் பொறுப்பு? இந்த வரிக்கு மட்டுமா, முந்தைய இரண்டு வரிக்கும் சேர்த்தா, அல்லது அரை வரிக்குத்தானா? ஓர் ஆய்வாளர் மறுப்பதற்காக எடுத்துச்சொன்ன கருத்தை அவருடைய கருத்து என்றே நினைத்து நான் பருவத் தேர்வுக் கட்டுரையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேராசிரியர் கூப்பிட்டு, "இத அவரு எங்க சொன்னாரு, காட்டு பாப்போம்" என்றபோது விரல் வைத்துக் காட்ட முடிந்தது, அந்த வரியில் அவர் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் வாக்கியத்தின் எந்தப் பகுதி அவருடையது என்று நான் பார்க்கவே இல்லை.

இதில் தமிழ் வாசகருக்கு என்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் மொழியில் பிறர் சொன்னதை எடுத்துச்சொல்ல 'என்று' இருக்கிறது. அது பேச்சின் கடைசியில் வந்து உட்காரும், அதோடு அடுத்தவர் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகள் முப்பது என்று சொல்லிவிட்டு 'என்ப' என்கிறது. பின்னால் 'என்மனார் புலவர்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. சொன்ன புலவர் யார் என்று பெயர் இல்லை, ஆனால் சொன்னது எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் இல்லை. உரையாசிரியர்களும் மாற்றுக் கருத்தைச் சொல்லி முடித்து 'என்பாரும் உளர்' என்று பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது 'தட்' (that). அது கதவைத் திறக்கும், மூடாது. ஆங்கில வரிசையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்: மார்ஷலும் வாரனும் காட்டினார்கள், இரைப்பையில் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அதை மருந்தால் அழிக்க முடியும், அதனால் அறுவைச் சிகிச்சையின் தேவை குறையும். இந்த மூன்றில் எத்தனை அவர்கள் காட்டியது, எத்தனை கட்டுரையாளர் தாமாகச் சேர்த்தது? தமிழில் எழுதினால் எங்காவது ஓரிடத்தில் 'என்று' வைத்தே ஆக வேண்டும், வைத்த இடத்தில் விடை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கடைசியில் அடைப்புக்குறி வைக்கும் முறையிலோ எதிர்மாறான சிக்கல்: முடிவு தெரிகிறது, தொடக்கம் தெரியவில்லை. நாம் பழகிய 'என்று'வை எதிர்பார்த்துக்கொண்டே படிக்கிறோம், அது வருவதில்லை, அதனால் முற்றுப்புள்ளி வரைக்கும் எல்லாவற்றையும் அந்தப் பெயருக்கே எழுதிவைத்துவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் கவனமாக எழுதுபவர்கள் இதற்குக் கையாளும் வழி, குறிப்பை வாக்கியத்தின் நடுவில், அது தாங்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே வைப்பது. இதைப் பார்க்க நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது 1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் வடிவத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. ஒரு பக்கத்துக்குச் சற்றே மேல், ஆறே ஆறு எண்கள். உயிரியல் தெரியாதவர்களும் இந்த ஒரு விஷயத்துக்காகப் படிக்கலாம்.

அதில் ஒரு வாக்கியம், முன்பு வெளியான எக்ஸ்-கதிர்த் தரவுகள் தங்கள் வடிவத்தைக் கறாராகச் சோதிக்கப் போதாதவை என்று சொல்கிறது. 5, 6 என்ற எண்கள் வாக்கியத்தின் கடைசியில் இல்லை, 'தரவுகள்' என்ற சொல்லின் தலையில் இருக்கின்றன. அதாவது 5ஆம், 6ஆம் கட்டுரைகளில் தரவுகள் இருக்கின்றன, அவை போதாது என்ற தீர்ப்பு வாட்சனும் கிரிக்கும் சொல்வது. அதே எண்களைத் தூக்கி முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தரவுகளை வெளியிட்டவர்களே தங்கள் தரவு போதாது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். இரண்டு சிறிய எண்கள் சில சொற்கள் தள்ளி நின்றால் யார் யாரைக் குறை சொல்கிறார்கள் என்பதே மாறுகிறது!

இன்னொரு இடத்தில், டிஎன்ஏவின் உறுப்புகளான அடினினுக்கும் தைமினுக்கும் உள்ள விகிதம், குவானினுக்கும் சைட்டோசினுக்கும் உள்ள விகிதம், இரண்டும் எப்போதும் ஒன்றை ஒட்டியே இருக்கின்றன என்கிறார்கள். இங்கே 3, 4 என்ற எண்கள் 'சோதனை மூலம்' என்ற சொல்லை ஒட்டி, சொல்ல வந்த செய்தி தொடங்குவதற்கு முன்பே நிற்கின்றன. முதலில் ஆதாரம், அப்புறம் செய்தி. இரண்டாம் மொழியில் படிப்பவருக்கு இது சற்று நல்லது என்பது என் அனுபவம், ஏனென்றால் 'தட்'டுக்குப் பிறகு வரும் நீண்ட பகுதியில் இடையூறு ஏதும் இல்லை. எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே ஐந்து பெயர் கொண்ட அடைப்புக்குறியைத் திணிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். அப்படி எழுதுபவர்கள் வாசகர்களில் பாதிப் பேரை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

பத்தி முழுக்க நீளும் குறிப்புக்கும் இதே கட்டுரையில் பாடம் இருக்கிறது. தொடக்கத்தில் பாலிங், கோரி இருவரும் முன்வைத்த வடிவத்தைச் சொல்லி 1 என்று எண் போடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த எண் திரும்ப வரவில்லை, ஆனாலும் அடுத்த இரண்டு வாக்கியங்கள் அவர்களைப் பற்றியவைதான் என்பது 'அவர்கள்', 'அவர்களுடைய மாதிரி' என்ற சொற்களால் தெரிகிறது. பிறகு 'எங்கள் கருத்தில்' என்று வருகிறது. அங்கே பேசுபவர் மாறிவிட்டார், அந்த மாதிரி சரியில்லை என்பது இனி வாட்சன், கிரிக் குரல். எண் முடிந்துபோன இடத்தில் வேலையைச் சுட்டுப்பெயர்கள் எடுத்துக்கொள்கின்றன. நமக்கு 'என்று' செய்துகொடுக்கிற வேலையை ஆங்கிலத்தில் 'தேர்' (their, அவர்களுடைய), 'அவர்' (our, எங்கள்) போன்ற சின்னச் சொற்கள் செய்கின்றன, ஆனால் அவற்றை நாம் அகராதியில் தேடுவதே இல்லை, தெரிந்த சொல் என்று விட்டுவிடுகிறோம்.

சரி, படிப்பது எப்படி? நான் செய்வதைச் சொல்கிறேன். முக்கியமான கட்டுரை என்றால் பிரிண்ட் எடுத்துவிடுவேன், கையில் பென்சில். முதல் வாசிப்பில், வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் அடைப்புக்குறிகளை எல்லாம் லேசாக அடித்துக்கொண்டே போவேன், உள்ளே நிற்கும் பெயர்களைத் தொட மாட்டேன். திடீரென்று வாக்கியங்கள் பாதி நீளமாகிவிடும், கட்டுரை என்ன சொல்கிறது என்பது அப்போதுதான் காதில் விழும். இரண்டாம் வாசிப்பில் அடித்த இடங்களுக்குத் திரும்பி, ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் அது எதுவரைக்கும் தாங்குகிறதோ அதுவரைக்கும் பின்னோக்கியோ முன்னோக்கியோ ஒரு கோடு இழுப்பேன். சந்தேகமான இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி விழுந்த இடங்களில்தான் மூலக் கட்டுரையைத் தேடிப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் தேட வேண்டியதில்லை. அந்த இடத்தை நீங்கள் உங்கள் ஆய்வேட்டில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் தேடுங்கள், நான் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். முதல் சில கட்டுரைகளுக்கு இது மெதுவாகத்தான் போகும், போகப் போகப் பென்சில் இல்லாமலே கண் அந்தக் கோட்டை இழுக்கப் பழகிவிடும்.

அடித்த பெயர்களை நிரந்தரமாக மறந்துவிடவும் கூடாது. ஒரே தலைப்பில் மூன்று கட்டுரை படித்தால், மூன்றிலும் அடிபடும் பெயர் ஒன்று இருக்கும். அடுத்து படிக்க வேண்டியது அவரைத்தான். ஒரே அடைப்புக்குறிக்குள் ஐந்தாறு தனித்தனிக் கட்டுரைகள் இருந்தால் முதலில் இருப்பதுதான் முக்கியமானது என்று எண்ணிவிட வேண்டாம், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் அது வெறும் அகர வரிசை.

எண் முறையில் கண்ணுக்குத் தொல்லை குறைவு, ஆனால் வேறு தொல்லைகள் உண்டு. 'செ.மீ.' தலைக்கு மேல் 2 என்று இருந்தால் அது சதுர சென்டிமீட்டரா, இரண்டாவது குறிப்பா என்று ஒரு நொடி தடுமாறும். அதைவிட, நம்மில் நிறைய பேர் கட்டுரைகளைப் போனில்தான் படிக்கிறோம். எண்ணைத் தொட்டால் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், திரும்பி வர வழி தெரியாது, வந்தாலும் எந்த வரி என்று தேட வேண்டும். துணைநூற்பட்டியலை மட்டும் முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வரலாற்றுக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் ஆதாரத்தோடு ஆசிரியரின் வாதமும் பதுங்கியிருக்கும் என்பதால், பத்தி முடியும் வரை காத்திருந்து மொத்தமாகக் கீழே போய்ப் படிப்பது நல்லது, நடுவில் இறங்க வேண்டாம்.

குறிப்புகளில் வரும் குட்டிச் சொற்களில் இரண்டு மூன்று தெரிந்தால் போதும். 'எட் ஆல்' என்றால் 'மற்றவர்களும்', அது ஓர் ஆளின் பெயர் இல்லை (நான் கேட்டிருக்கிறேன், யார் இந்த ஆல் என்று ஒரு மாணவி உண்மையாகவே கேட்டாள், கேட்டது நல்லது). 'இபிட்' என்பது நம் ஆய்வேடுகளில் வரும் 'மேலது'. 'சி.எஃப்.' என்றால் 'ஒப்பிடுக', அங்கே நிற்கும் பெயர் வேறு கருத்து உடையவருடையதாகவும் இருக்கலாம், அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டால் மறுபடியும் என் கதைதான்.

பழகிப் பார்க்க அந்த வாட்சன், கிரிக் கட்டுரையே போதும், ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆறு எண்களுக்கும் கோடு இழுத்த பிறகு, கோடே விழாத வாக்கியங்களைப் பாருங்கள். அவை கட்டுரையாளர்கள் தங்கள் பொறுப்பில் சொல்பவை. மரபுப்பொருள் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் வழி ஒன்றை (அடினின்–தைமின், குவானின்–சைட்டோசின் என்ற) இந்த இணைகள் சுட்டுகின்றன என்பது எங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்ற புகழ்பெற்ற வாக்கியத்தில் எண் கிடையாது, அது முழுக்க அவர்களுடையது.

பிறகு கடைசிப் பத்திக்கு வாருங்கள். அது நன்றி சொல்லும் பத்தி, பெரும்பாலோர் படிக்காமல் மூடிவிடும் இடம். லண்டனில் அதே டிஎன்ஏவை ஆராய்ந்துகொண்டிருந்த வில்கின்ஸ், ஃபிராங்க்ளின், அவர்களோடு வேலைசெய்தவர்கள் ஆகியோரின் வெளியிடப்படாத சோதனை முடிவுகளையும் கருத்துகளையும் பற்றிப் பொதுவாக அறிந்திருந்தது தங்களுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் அந்த வடிவத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவின என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். கட்டுரை முழுவதிலும் அவர் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில்தான், எண் எதுவும் இல்லாமல்.